147 நிமிடம் என்றால் எந்த 147? போர்ப்பட வட்டுகளை வகை பிரித்த அனுபவம்

ஒரே படத்தின் இரண்டு வட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றின் பெட்டியில் 209 நிமிடம் என்றும் மற்றொன்றின் பெட்டியில் 200 நிமிடம் என்றும் அச்சிடப்பட்டிருந்ததால், இரண்டாவதில் யாரோ ஒன்பது நிமிடங்களை வெட்டியெறிந்துவிட்டார்கள் என்றே முதலில் நம்பினேன். படம், வொல்ஃப்காங் பீட்டர்சனின் நீர்மூழ்கிக் கப்பல் படமான 'தாஸ் போட்'. 1997இல் வெளிவந்த இயக்குநர் வடிவம். இரண்டு திரைகளில் இரண்டையும் ஓடவிட்டு, காட்சி காட்சியாகக் குறிப்பெடுத்துக்கொண்டே இரண்டு மாலைப் பொழுதுகளைச் செலவிட்ட பின்பு, ஒரு காட்சிகூடக் குறையவில்லை என்ற முடிவுக்கு வந்தேன். குறைந்திருந்தது நேரம் மட்டுமே.

திரைப்படச் சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள், அதாவது தனித்தனி அசையாப் படங்கள்) ஓடுவது. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இந்தியாவிலும் வழங்கிய பால் (PAL) முறைத் தொலைக்காட்சியோ நொடிக்கு 25 சட்டங்கள் காட்டுவது. இந்த முறையில் வெளிவந்த விஎச்எஸ் நாடாக்களிலும் டிவிடி வட்டுகளிலும் பெரும்பாலும் படத்தைச் சற்று வேகமாக ஓடவிட்டே கணக்கைச் சரிசெய்தார்கள். 209ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் 200 நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். என் இரண்டாவது பெட்டியின் எண் அதுதான். வேகம் கூடும்போது சுருதியும் ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம் (பியானோவின் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான இடைவெளியில் முக்கால் பங்கு) மேலேறும் என்பதால், பழகிய நடிகரின் குரல் கொஞ்சம் இளமையாகக் கேட்கும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கிய என்டிஎஸ்சி (NTSC) முறையில் சில புலங்களை, அதாவது சட்டத்தின் பாதிக் கோடுகளை, திரும்பக் காட்டி நொடிக்கு 30 என்ற கணக்கை எட்டுவதால் படத்தின் நீளம் ஏறக்குறைய மாறாது. ஆனால் கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் ஒரு நடுக்கம் தெரியும். எது தேவலை என்று கேட்டால், எனக்கு நடுக்கத்தைவிடச் சுருதி மாற்றமே அதிகம் உறுத்துகிறது.

அந்த இரண்டு மாலைகள் வீணானதுதான் இந்த வேலைக்குத் தொடக்கம். அலமாரியிலிருந்த போர்ப்படங்கள் அனைத்தையும் கீழே இறக்கி, ஒவ்வொன்றும் எந்த வடிவம் என்பதை நானே சரிபார்த்து ஒரு பேரேட்டில் பதிவது என்று முடிவு செய்தேன். பெட்டியில் அச்சிட்ட நிமிடக் கணக்குக்கு அந்தப் பேரேட்டில் பத்தியே ஒதுக்கவில்லை. அதற்குப் பதிலாக, வட்டின் சட்ட வேகம், படத்தின் உண்மையான நீளம், அதை நொடிக்கு 24 சட்டங்கள் என்ற கணக்குக்கு மாற்றினால் வரும் நீளம், சட்டகத்தின் அகல உயர விகிதம், ஒலித்தடங்கள், அடையாளக் காட்சிகள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் வைத்தேன். சட்ட வேகத்தை மீடியாஇன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் நொடியில் சொல்லிவிடும். நீளத்தை அளப்பதில்தான் கவனம் தேவைப்பட்டது. விநியோக நிறுவனத்தின் சின்னமும் எச்சரிக்கை அட்டைகளும் வெளியீட்டுக்கு வெளியீடு மாறுவதால், படத்தின் சொந்த முதல் சட்டத்திலிருந்து கடைசிச் சட்டம் வரை மட்டுமே அளந்தேன்.

இந்தப் பேரேட்டின் பயன் முழுமையாகத் தெரிந்தது 'அபோகலிப்ஸ் நவ்' படத்தில்தான். 1979இல் பிரான்சிஸ் ஃபோர்டு கப்போலா அதை 70 மி.மீ. படச்சுருளில் முதலில் திரையிட்டபோது பெயர்ப்பட்டியலே கிடையாது. பார்வையாளர்களுக்கு அச்சிட்ட சிற்றேடு தரப்பட்டது. அந்த வடிவம் 147 நிமிடம். பின்னர் வந்த 35 மி.மீ. வடிவத்தில் முடிவுப் பெயர்ப்பட்டியல் சேர்ந்ததால் 153 நிமிடம். இப்போது அந்த 153ஐப் பால் முறை வேகத்தில் ஓடவிட்டால் வருவதும் ஏறத்தாழ 147தான். ஆக, பெட்டியில் 147 என்ற எண்ணைப் பார்த்து, பெயர்ப்பட்டியல் இல்லாத அரிய வடிவம் கையில் சிக்கிவிட்டது என்று மகிழ்பவர், உண்மையில் வேகமாக ஓடும் பொதுவான வடிவத்தை வைத்திருக்கலாம். சட்ட வேகத்தையும் கடைசி ஆறு நிமிடங்களையும் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அந்தக் கடைசி நிமிடங்களிலும் ஒரு கிளைக்கதை உண்டு. 35 மி.மீ. பிரதிகளில் முதலில், கதாநாயகன் தேடிப்போகும் கர்னல் கர்ட்சின் இருப்பிடம் வெடித்துச் சிதறும் காட்சிகளின் மேல் பெயர்கள் ஓடின. அதைப் பார்த்தவர்கள், கதையின் முடிவில் வான்தாக்குதல் நடக்கிறது என்று பொருள் கொண்டதால், கப்போலா அதை நீக்கிக் கறுப்புப் பின்னணியில் பெயர்களை ஓடவிட்டார். வெடிப்புக் காட்சிகள் பிற்காலத்தில் டிவிடியில் துணைப்பகுதியாக மட்டும் வந்தன. பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பையோ பழைய நாடாவையோ பார்த்தவர் 'வேறு முடிவு ஒன்று இருந்தது' என்று சாதிப்பதற்கும், வட்டில் மட்டும் பார்த்தவர் அதை மறுப்பதற்கும் காரணம் இதுவே. இவற்றோடு 2001இல் வந்த 202 நிமிட 'ரீடக்ஸ்' வடிவமும் 2019இல் வந்த 183 நிமிட இறுதி வடிவமும் உள்ளன. என்னைக் கேட்டால், முதன்முறை பார்ப்பவருக்கு 1979 வடிவத்தையே கொடுப்பேன். 'ரீடக்ஸில்' சேர்ந்துள்ள பிரெஞ்சுத் தோட்ட வீட்டுக் காட்சி அரசியல் வரலாற்றைத் தெளிவாக்கினாலும், ஆற்றில் மேலே போகப் போக இறுகும் அச்சத்தை அது நடுவழியில் தளர்த்திவிடுகிறது.

நேரத்தை நம்ப முடியாத இடங்களில் அடையாளக் காட்சி கைகொடுக்கிறது. 1970இல் வந்த 'டோரா! டோரா! டோரா!' படத்தின் ஜப்பானிய வடிவம் சில நிமிடங்களே நீளமானது. கப்பலின் சமையலறையில், சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடந்தால் இன்று நேற்றாகிவிடுமா என்று சமையற்காரர் ஒருவர் குழம்பும் நகைச்சுவைக் காட்சி அதில் உண்டு. அமெரிக்க வடிவத்தில் இல்லை. அந்தச் சமையற்காரராக நடித்தவர் ஜப்பானின் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் கியோஷி அட்சுமி. அவர் முகம் தெரிந்தால் வடிவமும் தெரிந்துவிடும். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்துக்கு அடையாளம் தொடக்கப் பெயர்ப்பட்டியலிலேயே இருக்கிறது. திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கம்யூனிஸ்ட் தொடர்புச் சந்தேகத்தால் வேலை மறுக்கப்பட்டோரின் ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் இருந்ததால், 1957இல் மூலநாவலின் ஆசிரியர் பியர் பூலின் பெயர் மட்டுமே திரைக்கதைக்கு வந்தது; சீரமைக்கப்பட்ட பிற்காலப் பிரதிகளில் அவ்விருவர் பெயர்களும் இடம்பெற்றன. படம் அப்படியே இருக்க, ஒரு பெயர் அட்டை மட்டும் மாறியிருப்பதும் என் கணக்கில் வேறு வடிவம்தான்.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' இந்த வேலையில் எனக்கு அதிக நேரம் பிடித்த படம். 1962ஆம் ஆண்டு முதல் திரையிடலில் 222 நிமிடம். சில வாரங்களில் 202 ஆயிற்று. 1970களின் தொடக்கத்து மறுவெளியீட்டில் 187 ஆயிற்று. திரைப்படச் சீரமைப்பாளர் ராபர்ட் ஹாரிஸ் 1980களின் இறுதியில் வெட்டுண்ட துண்டுகளைத் தேடித் திரட்டியபோது, சில காட்சிகளுக்குப் படம் கிடைத்தும் ஒலி கிடைக்கவில்லை. பீட்டர் ஓ'டூல், அலெக் கின்னஸ், ஆன்டனி குவின் ஆகியோர் கால் நூற்றாண்டுக்குப் பின் தங்கள் இளவயதுக் குரலுக்குத் தாங்களே பின்னணி பேசினார்கள். மற்றொரு நடிகரான ஜாக் ஹாக்கின்ஸ் 1973இலேயே காலமாகிவிட்டதால் அவருக்கு நடிகர் சார்லஸ் கிரே குரல் கொடுத்தார். அப்போது உயிரோடிருந்த இயக்குநர் டேவிட் லீன், மீண்டு வந்தவற்றில் சிலவற்றைத் தாமே சுருக்கினார். எனவே இன்று கிடைக்கும் இயக்குநர் வடிவம், முதல் திரையிடலைவிடச் சற்றுக் குறுகியது. என் பேரேட்டில் மூன்று வட்டுகள் 216, 217, 227 என்று வெவ்வேறு நிமிடங்களோடு நின்றன. மூன்றும் ஒரே வடிவம்தான் என்பதைத் தொடக்க இசை, இடைவேளை இசை, வெளியேறும் இசை ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பின்பே உறுதிசெய்தேன். கறுப்புத் திரையில் இசை மட்டும் ஒலிக்கும் அந்த நிமிடங்களைப் படத்தோடு சேர்ப்பதா வேண்டாமா என்பதில் வெளியீட்டாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை.

நீளமான வடிவம் எல்லாமே இயக்குநரின் வடிவம் என்று எழுதிவிடும் பழக்கத்தையும் இந்த வேலையின்போது கைவிட்டேன். சாமுவேல் ஃபுல்லரின் 'தி பிக் ரெட் ஒன்' 1980இல் 113 நிமிடமாக வெளிவந்தது. 2004இல் வந்த, ஏறத்தாழ 50 நிமிடம் கூடுதலான வடிவத்தை உருவாக்கியவர் திரைப்பட விமர்சகர் ரிச்சர்ட் ஷிக்கல். ஃபுல்லர் 1997இலேயே இறந்துவிட்டார். அது அக்கறையோடு செய்த நல்ல வேலை என்பதில் ஐயமில்லை. இருந்தாலும் அதற்கு எதிரே 'மறுகட்டமைப்பு' என்றுதான் எழுதியிருக்கிறேன். 1930இன் 'ஆல் குவைட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்' வேறொரு வகை: பேசும் வடிவத்தோடு, எழுத்து அட்டைகளும் இணைந்த இசையும் கொண்ட மௌன வடிவம் ஒன்றும் அப்போதே உருவானது. அவற்றுள் ஒன்றை மூலம் என்றும் மற்றதை நகல் என்றும் சொல்ல முடியாதபடி, இரண்டுக்கும் சம வரிசை கொடுத்தேன்.

படத்தின் சட்டகத்தைப் பற்றி விரைவாகவே சொல்லிவிடலாம். 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் பழைய வட்டுகள், ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோவின் விருப்பப்படி 2.00:1 என்று ஓரம் குறைக்கப்பட்டவை. 2010இன் புளூ-ரேயில்தான் முழு 2.35:1 கிடைத்தது. 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' படத்தின் பழைய டிவிடிகள் சதுரத்துக்கு நெருக்கமான சட்டகத்தில், திரையரங்கில் மறைக்கப்பட்ட மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் தெரியும்படி வந்தன. புதிய வட்டு எப்போதும் மேலானது என்ற நம்பிக்கைக்கு 'பேட்டன்' நல்ல மறுமொழி. 65 மி.மீ. சுருளில் எடுத்த அப்படத்தின் 2008 புளூ-ரேயில், படச்சுருளுக்கே உரிய மணித்துகள்களை (கிரெய்ன்) கணினி வழியே தேய்த்து நீக்கியதில் முகங்களின் தோல் மெழுகு பூசியதுபோல் ஆகிவிட்டது. 2012இல் புதிய பிரதி வந்த பிறகுதான் அது சரியாயிற்று. இரண்டுக்கும் பெட்டி ஒன்றுபோலவே இருக்கும். பின்புறத்திலுள்ள ஆண்டைப் பார்த்தே வாங்க வேண்டும்.

வட்டுகளின் உடல்நிலையையும் அப்போதே பார்த்துக்கொண்டேன். லேசர் டிஸ்க்குகள் மூன்றில், அலுமினியப் படலம் ஆக்ஸிஜனேற்றத்தால் கெட்டு, திரையில் வண்ணப் புள்ளிகள் மழைத்தூறல்போல் விழுந்தன, அதற்கு மருந்தில்லை. விஎச்எஸ் நாடா ஒன்றில் பூஞ்சை தென்பட்டதால், மற்ற நாடாக்களுக்கும் இயந்திரத்தின் தலைக்கும் பரவாமல் அதைத் தனிப்பையில் ஒதுக்கிவைத்தேன். டிவிடிகளில் ஒரு வட்டு, முதல் அடுக்கிலிருந்து இரண்டாவது அடுக்குக்கு மாறும் இடத்தில் நின்று நின்று ஓடியது. மென்மையான துணியால் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடைத்து, வேறொரு இயக்கியில் இட்டு, படிக்க மறுக்கும் பகுதிகளை மட்டும் திரும்பத் திரும்ப முயலும் டிடிரெஸ்க்யூ என்னும் மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டபின், ஒரு பிழையும் இல்லாமல் முழு வட்டும் படிக்கப்பட்டது. அந்த வட்டைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் இருந்தது.

அது 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' படத்தின் 2004 சிறப்புப் பதிப்பு. 1969இல் வந்த அப்படத்துக்கு முதலில் இசையமைத்தவர் வில்லியம் வால்டன். தயாரிப்புக்குப் பணம் தந்த நிறுவனம், ஓர் இசைத்தட்டை நிரப்ப இது போதாது என்று அவரது இசையை ஒதுக்கிவிட்டு, ரான் குட்வினை அமர்த்தியது. தம் பெயரையே படத்திலிருந்து எடுத்துவிடுவேன் என்று அதில் நடித்த லாரன்ஸ் ஒலிவியே எச்சரித்ததால், எஞ்சின் ஓசையும் துப்பாக்கி ஓசையும் அடங்கி இசை மட்டுமே ஒலிக்கும் ஒரு வான்போர்க் காட்சி வரிசையில் மட்டும் வால்டனின் இசை தங்கியது. ஒதுக்கப்பட்ட மற்ற பகுதிகளின் ஒலிப்பதிவு அழியாமல் பிழைத்ததால், 2004 டிவிடியில் வால்டன் இசையோடு முழுப் படத்தையும் கேட்கும் தனி ஒலித்தடம் இடம்பெற்றது. என்னிடமுள்ள புளூ-ரே வட்டில் படம் மிகத் தெளிவு, ஆனால் அந்தத் தடம் இல்லை. டிவிடியின் ஒலியைப் புளூ-ரேயின் படத்தோடு பொருத்துவதே நான் எடுத்துக்கொண்ட வேலை. இரண்டும் நான் வாங்கிய வட்டுகள், பார்க்கப்போவதும் நான் மட்டும்; வட்டின் நகல் தடுப்புப் பூட்டைத் திறப்பது பற்றிய அரசுச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், இதைச் செய்ய நினைப்பவர் அதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிவிடி பால் முறை. ஒலி வேகமாக ஓடுகிறது. அதை மெதுவாக்குவதற்கு முன் ஒன்றை உறுதிசெய்ய வேண்டியிருந்தது. சில பால் வட்டுகளில் வேகத்தைக் கூட்டியபின் சுருதியைத் தனியே இறக்கிச் சரிசெய்திருப்பார்கள். அத்தகைய ஒலியை வெறுமனே மெதுவாக்கினால் சுருதி இயல்பைவிடக் கீழே போய்விடும். இங்குதான் அந்த வான்போர் வரிசை உதவியது. இரண்டு வட்டிலும் அந்த இடத்தில் ஒலிப்பது ஒரே இசை. நீண்டு ஒலிக்கும் ஒரு சுரத்தை இரண்டிலிருந்தும் எடுத்துச் சுருதிமானியில் ஒப்பிட்டேன். டிவிடி ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம் மேலே இருந்தது. சுருதியை யாரும் தொடவில்லை என்று தெரிந்ததால், வேகத்தை மட்டும் குறைத்தால் போதும், சுருதியும் தானே இறங்கிவிடும்.

முதல் முயற்சியில் தவறு என்னுடையது. 24ஐ 25ஆல் வகுத்து 0.96 என்ற விகிதத்தைக் கொடுத்துவிட்டு, தொடக்கக் காட்சியில் உதடும் ஒலியும் அழகாகப் பொருந்துவதைப் பார்த்துத் திருப்தியோடு எழுந்துவிட்டேன். மறுநாள் இறுதிக் காட்சியைப் பார்த்தபோது ஒலி எட்டு நொடி முந்திக்கொண்டிருந்தது. என் புளூ-ரே நொடிக்குச் சரியாக 24 சட்டங்கள் அல்ல, 23.976 சட்டங்கள், ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடுதான், ஆனால் 133 நிமிடப் படத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது எட்டு நொடி. மாதிரி வேகம் (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்னும் கணக்கு) 48,000 என்றிருந்த ஒலியை 46,034 என்று எடுத்துக்கொள்ளும்படி எஃப்எஃப்எம்பெக் மென்பொருளுக்குச் சொல்லி, பின்னர் 48,000க்கே மீண்டும் மாற்றியதும் இறுதிக் காட்சி அருகில் வந்தது. அருகில்தான், பொருந்தவில்லை.

மீதி வேலை பொறுமையைக் கேட்டது. கதவு அறைதல், துப்பாக்கியின் முதல் வெடி, கோப்பை மேசையில் வைக்கப்படும் ஒலி என்று கூர்மையாகத் தொடங்கும் பதினான்கு ஒலிகளைப் படம் முழுவதிலும் தேர்ந்து, புளூ-ரேயின் சொந்த ஒலித்தடத்தில் அவை வரும் நேரத்தையும் வால்டன் தடத்தில் வரும் நேரத்தையும் ஆடாசிட்டி மென்பொருளில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி அளந்து எழுதினேன். விகிதம் தவறாக இருந்தால் வேறுபாடு சீராக வளர வேண்டும். என் அட்டவணையிலோ அது சில இடங்களில் அப்படியே நின்று, பின்பு திடீரென்று மூன்று சட்டம், ஐந்து சட்டம் என்று தாவியது. தாவிய இடங்கள் ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு ஒன்றாக இருப்பதைக் கண்டதும் காரணம் புரிந்தது. திரையரங்குச் சுருள் ஒன்று இரண்டாயிரம் அடி. அதில் இருபது நிமிடப் படம் அடங்கும். இரு வட்டுகளும் வெவ்வேறு பிரதிகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதால், சுருள் மாறும் இடங்களில் ஒன்றில் சில சட்டங்கள் கூடுதலாகவும் மற்றொன்றில் குறைவாகவும் இருந்தன.

ஒரு சட்டம் ஏறத்தாழ 42 மில்லிநொடி. ஒலி படத்தை முந்தினால் 45 மில்லிநொடியிலேயே மனிதக் கண்ணும் காதும் கண்டுகொள்ளும். பிந்தினால் 125 வரை பொறுத்துக்கொள்ளும். ஆகையால் எங்கும் ஒலி முந்தாதபடியும், பிந்தினால் ஒரு சட்டத்துக்கு மேல் பிந்தாதபடியும் வரம்பு வைத்துக்கொண்டேன். வெட்டவேண்டிய இடங்களில் மௌனமான நொடியைத் தேடி வெட்டினேன். சேர்க்கவேண்டிய இடங்களில் வெற்று மௌனத்தைச் சேர்த்தால் ஒரு குழி விழுந்ததுபோல் கேட்பதால், அதே காட்சியின் பின்னணி இரைச்சலிலிருந்து ஒரு துணுக்கை நகலெடுத்து ஒட்டினேன். ஒரேயொரு இடம் மட்டும் மிகவும் சோதித்தது. சுருள் மாறும் அதே இடத்தில் வால்டனின் இசை நடுவில் ஓடிக்கொண்டிருந்ததால், ஐந்து சட்டங்களை எங்கே எடுத்தாலும் தாளம் இடறியது. கடைசியில் அந்த வெட்டை இசை தொடங்குவதற்கு முன்னுள்ள அமைதிக்கு நகர்த்திவிட்டு, நடுவிலுள்ள பன்னிரண்டு நொடி மட்டும் படத்தோடு முழுமையாக ஒட்டாமல் இருக்கட்டும் என்று விட்டேன். அந்தப் பன்னிரண்டு நொடியில் யாரும் பேசுவதில்லை.

திருத்திய ஒலியை, மறுபடி சுருக்கித் தரம் குறைக்காமல், ஃபிளாக் வடிவில் சேமித்து, எம்கேவிடூல்நிக்ஸ் வழியாகப் புளூ-ரேயின் படத்தோடும் அதன் சொந்த ஒலித்தடத்தோடும் ஒரே கோப்பில் இணைத்தேன். சரிபார்க்க, படம் ஓடும்போதே தொலைவியக்கியால் இரு தடங்களுக்கும் இடையே மாறி மாறிப் பார்த்தேன். வான்போர் வரிசை வந்தபோது ஒலியின் அளவில் சிறு ஏற்றத்தாழ்வு தவிர வேறொன்றும் தெரியவில்லை. எந்தத் தடத்தில் இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. வரிசை முடிந்து அடுத்த இசை தொடங்கியபோதுதான், நான் கேட்டுக்கொண்டிருப்பது குட்வினின் தடம் என்று தெரிந்தது. பேரேட்டில் அந்தப் படத்துக்கு எதிரே நான்காவதாக ஒரு வரியைச் சேர்த்து, வடிவம் என்ற பத்தியில் 'வீட்டில் இணைத்தது' என்று எழுதினேன்.